ஊசிமுனையில் ஒரு பனிநாள்

தில்லியில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கு ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை பிறந்ததும் காஷ்மீரத்துச் சால்வை வணிகர் ஒருவர் வந்துவிடுவார். மிதிவண்டியின் பின்புறம் வெள்ளைத் துணி மூட்டை; மேற்சட்டைப் பையில் நீளவாக்கில் மடித்த ஒரு குறிப்பேடு. முழுப் பணமும் கையில் இல்லையென்றால் அவருக்குக் கவலை கிடையாது. மாசி முடிவதற்குள் மூன்று நான்கு தவணைகளில் கொடுத்துத் தீர்த்தால் போதும். கையொப்பம் இல்லை, ஈடு இல்லை. எங்கள் பெயருக்கு எதிரே உருது எழுத்தில் ஒரு வரி மட்டும். பல ஆண்டுகளாக அவருக்கும் எங்களுக்கும் இடையில் அந்தக் கணக்கு பிசகியதேயில்லை.

சென்ற குளிர்காலத்தில் பெட்டியைத் திறந்தபோது, அவரிடம் முதன்முதலாக வாங்கிய பஷ்மினா சால்வையில் அந்துப்பூச்சி இரண்டு துளைகள் இட்டிருப்பதைக் கண்டோம். அவரிடம் காட்டினோம். விரலால் துளையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்கள் தை மாதத்தில் ஸ்ரீநகர் போவதாகச் சொன்னீர்களே, என் தமையனார் வீட்டில் கொடுங்கள். அவர் ஊசி படாத இடமும் ஊசி பட்ட இடமும் வேறுபாடு தெரியாது" என்றார். பனி பார்க்கத்தான் நாங்கள் இருவரும் போவதாக இருந்தோம். அதனோடு இந்த வேலையும் சேர்ந்துகொண்டது.

தமையனாரின் வீடு ஸ்ரீநகரின் பழைய நகர்ப்பகுதியில், ஜடிபலில், ஒரு குறுகிய சந்தின் கோடியில் இருந்தது. மாலை நான்கு மணிக்குப் போனோம். உப்புத் தேநீர் குடித்துவிட்டு ஆறு மணிக்குப் புறப்படுவதாக எண்ணம். ஐந்து மணிக்குப் பனி பெய்யத் தொடங்கிற்று. ஆறு மணிக்குச் சந்தின் வாயில் தெரியவில்லை. "பாயீ சாஹிப், இன்று இங்கே தங்குங்கள்" என்று வீட்டுக்காரர் சொன்னபோது, அது உபசாரச் சொல் அன்று, நிலவரம் என்பது புரிந்தது.

டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி நாற்பது நாள்களைக் காஷ்மீரத்தார் 'சில்லாய் கலான்' என்பர். பெருங்குளிர் என்று பொருள் கொள்ளலாம். அதன் பின்னர் இருபது நாள் 'சில்லாய் குர்த்', அதாவது சிறுகுளிர். அதற்கும் பின்னர் பத்து நாள் 'சில்லாய் பச்சா', குழந்தைக் குளிர். ஸ்ரீநகரில் 1893ஆம் ஆண்டில் மைனஸ் 14.4 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு உண்டு. நாங்கள் இருந்த இரவில் அவ்வளவு இல்லை. ஆயினும் தில்லிக் குளிரைப் பற்றி நாங்கள் இதுகாறும் பேசிவந்ததெல்லாம் வீண்பேச்சு என்று அன்றிரவு தெரிந்துகொண்டோம்.

காலையில் எங்களை எழுப்பியது ஓசையன்று, ஓசையின்மை. ஊர்தி இல்லை, கூவி விற்பவர் இல்லை, நாய் கூடக் குரைக்கவில்லை. சற்றைக்கொருமுறை தகரக் கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து 'தொம்' என்று விழும். பிறகு மீண்டும் அமைதி. சன்னல் விளிம்பில் 'ஷிஷர்காண்ட்' எனப்படும் பனிக்கட்டிக் கூம்புகள் தொங்கின. கண்ணாடிக்கு மேல் குளிர் புகாதிருக்க ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின் வழியே வெளியுலகம் பால் கலந்த நீரைப் போலத் தெரிந்தது.

இந்த ஆண்டின் முதற்பனி முன்னரே பெய்து முடிந்திருந்தது. அதற்கென ஒரு விளையாட்டு உண்டாம். முதற்பனியில் ஒரு பிடியைத் தாளிலோ துணியிலோ மறைத்து, இன்னதென்று சொல்லாமல் மற்றொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அறியாமல் வாங்கிக்கொண்டவர் விருந்து வைக்கக் கடமைப்பட்டவர். புதுப்பனியை விழாவாகக் கொண்டாடும் வழக்கம் நீலமத புராணத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வீட்டில் இவ்வாண்டு ஏமாந்தவர் பாட்டியார். விருந்து இன்னும் பாக்கி என்று பேத்தி நினைவூட்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் நால்வர். வீட்டுக்காரர், அவர் மனைவி, அவருடைய தாயார், வணிகவியல் இரண்டாமாண்டு படிக்கும் மகள். ஐந்தாவதாக ஒரு பூனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெண்மையான உடல், சாம்பல் நிற வால். பெயர் ஷீன். காஷ்மீரி மொழியில் ஷீன் என்றால் பனி. சென்ற சில்லாய் கலானில் பனியிலிருந்து நனைந்து நடுங்கிக்கொண்டு வந்த குட்டியாம். "வெளியே பெய்கிற ஷீனுக்குக் கதவைச் சாத்துகிறோம், உள்ளே இருக்கிற ஷீனுக்குக் கணப்பு வைக்கிறோம்" என்றார் பாட்டியார். பூனை சும்மா இருந்து உண்பதாக எண்ண வேண்டா. கம்பளி இருக்கும் வீட்டில் எலி கூடு கட்டும்; நூற்பதற்கு வைத்திருக்கும் பஷ்மத்தில் எலி புகுந்தால் ஒரு மாத உழைப்பு போயிற்று. அந்தக் காவல் ஷீனுடையது. பரணில் தொங்கும் உலர்ந்த மீனையும் அது காவல் காப்பதாகச் சொல்லிக்கொண்டது. அதை எவரும் நம்பவில்லை.

எல்லோரும் இருந்தது ஒரே அறையில். தரையில் கம்பளம்; அனைவருக்கும் தொளதொளத்த ஃபெரன் அங்கி; அங்கிக்குள் ஆளுக்கொரு காங்கிடி. பிரம்பு பின்னிய கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் சாம்பல் மூடிய கரித்தணல்: அதுவே காங்கிடி. நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு நடப்பது என்று நாம் வேறு பொருளில் சொல்வதை இங்கே மெய்யாகவே செய்கிறார்கள். ஆனால் ஊசி வேலையில் உட்காரும்போது வீட்டுக்காரர் தம் காங்கிடியை எடுத்து இரண்டு முழத்துக்கு அப்பால் வைத்துவிட்டார். ஒரு பொறி தெறித்தால் இரண்டு குளிர்கால உழைப்பு கருகிவிடும். ஆகவே அந்த அறையில் எல்லோரினும் மிகுதியாகக் குளிரைத் தாங்கியவர் வேலை செய்துகொண்டிருந்தவரே.

அவர் செய்வது சோஸ்னி வேலை. பாரசீகத்தில் 'சோஸன்' என்றால் ஊசி. ஒற்றை இழை நூலால், மிக மெல்லிய ஊசியால், பஷ்மினாவின் மேல் இட்டு நிரப்பும் பூவேலை இது. சட்டம் கட்டுவதில்லை. ஒரு முழங்காலை மடக்கி உயர்த்தி, அதன்மேல் துணியைப் போட்டு, வேலை நடக்கும் உள்ளங்கை அளவு இடம் மட்டும் வெளியே தெரியுமாறு மற்றதைச் சுருட்டி வெள்ளைத் துணியால் போர்த்தி வைத்திருந்தார். முதலில் நக்காஷ் எனப்படும் வரைவாளர் கோலத்தை அமைப்பார். அதை மர அச்சில் செதுக்கிச் சால்வையில் ஒற்றி எடுப்பார்கள். அந்தக் கோட்டின்மேல்தான் ஊசி நடக்கும். பாதாமி, அனாரி, ஃபிரோஸி என்று நிறங்களுக்குப் பெயர்கள்: பாதாம் கொட்டையின் நிறம், மாதுளையின் நிறம், நீலப்பச்சைக் கல்லின் நிறம். ஒவ்வொரு தையலும் துணியின் இழையில் ஒரு சிறு பங்கை மட்டுமே கவ்வும். நன்கு செய்த வேலையில் பின்புறத்தைத் திருப்பினாலும் முடிச்சு தெரியாது. இருபுறமும் ஒன்றுபோல் தோன்றச் செய்யும் 'தோருகா' வேலை அதனினும் கடினம். விளிம்பு மட்டும் வேலை செய்த சால்வை சில மாதங்களில் முடியலாம். மேனி முழுவதும் நிரப்பும் ஜாமவார் ஆண்டுக்கணக்கில் நீளும்.

எங்கள் சால்வையை முதலில் எடுத்துக்கொண்டார். துளையின் ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். சால்வையின் மடிப்புக்குள்ளிருந்தே நான்கைந்து இழைகளை உருவி எடுத்தார். வெளி நூல் எதையும் சேர்க்கவில்லை. பிறகு பாவும் ஊடையுமாக அந்த இழைகளை ஊசியால் கோத்து, நெசவையே மீண்டும் நெய்தார். எங்கள் ஊரில் டார்னிங் என்பார்களே, அதே வேலைதான். ஆனால் இதனைக் கண்ட பின் அந்தச் சொல்லை அதற்கு வழங்கக் கூச்சமாக இருந்தது. ஒரு துளைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடித்துக் கொடுத்தபோது துளை இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார். எங்களால் காட்ட முடியவில்லை.

சால்வையின் வரலாற்றில் ஊசி நுழைந்த கதை வங்கி வாடிக்கையாளர்களுக்குச் சுவையாக இருக்கும். முன்னர்ப் பூவேலையெல்லாம் தறியிலேயே நெய்யப்பட்டது. இன்றும் கனி சால்வை அவ்வாறே நெய்யப்படுகிறது. நெய்த சால்வைக்கு அரசு கடுமையான வரி விதித்து முத்திரையிட்டு வந்தது. 1803ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வணிகத்துக்காக வந்த குவாஜா யூசுஃப் என்னும் ஆர்மேனியர் ஒரு வழி கண்டாராம். வெறுஞ்சால்வையை வாங்கி, தையற்காரர் ஒருவரைக் கொண்டு ஊசியால் பூ இட்டால் நெய்ததைப் போலவே தோன்றும், செலவும் குறையும், வரிப் பட்டியலிலும் அகப்படாது. சில ஆண்டுகள் வரை நல்ல இலாபம். பின்னர் அரசு விழித்துக்கொண்டு ஊசிக்கும் வரி போட்டது. வரிக்குத் தப்ப எடுத்த ஊசி இப்படி ஒரு கலையாக வேரூன்றிவிட்டது. வரியோ நெசவாளரை வாட்டிக்கொண்டே இருந்தது. 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகர் ஸல்தகரில் கிளர்ந்த சால்வை நெசவாளர்கள் பலர் உயிரிழந்தனர். சில ஆண்டுகளில் 1870ஆம் ஆண்டின் பிரான்சு–பிரஷ்யப் போர் மூண்டு, பாரிசு நகரத்துச் சந்தையும் சரிந்தது.

நண்பகல் உணவுக்குச் சோறும், உலர்ந்த சுரைக்காய்க் குழம்பும். கோடையில் சுரைக்காய், கத்தரி, தக்காளி ஆகியவற்றை அரிந்து வெயிலில் காயவைத்து மாலையாகக் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். 'ஹோக் ஸ்யுன்' என்று பெயர். நம் வீட்டு வற்றலின் உடன்பிறப்பு. நாம் வற்றல் போடுவது வெயில் வீணாகக் கூடாது என்பதற்காக. அவர்கள் போடுவது பாதை அடைபட்டால் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக.

அந்தச் சேமிப்புப் பேச்சிலிருந்துதான் மற்றப் பேச்சு எழுந்தது. இலையுதிர் காலத்தில் அரிசி, கரி, விறகு, உலர்காய் எல்லாம் வாங்கிச் சேர்க்க வேண்டும். அதற்கு மொத்தமாகப் பணம் வேண்டும். சால்வை கொடுத்து வேலை வாங்கும் வணிகரிடம் முன்பணம் வாங்குகிறார்கள். முன்பணத்துக்கு வட்டி என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் வேலை முடிந்து கூலி பேசும்போது முன்பணம் வாங்கியவர் வாய் திறந்து பேரம் பேச முடிவதில்லை. வட்டி அந்த மௌனத்தில் கழிந்துவிடுகிறது.

இதை எங்களுக்குச் சொன்னவள் மகள். காஷ்மீரத்தில் குளிர்கால விடுமுறை நீண்டது. பிள்ளைகள் ஊசி பிடிக்கக் கற்பது அந்த விடுமுறையில்தான். அவளும் பத்து வயதில் கற்றவள். இரண்டு ஆண்டுகளாக ஒரு பள்ளிக் குறிப்பேட்டில், தந்தை இப்போது செய்துவரும் சால்வைக்கு உரிய நாளும் மணியும் எழுதி வருகிறாள். கல்லூரியில் அடக்கவிலைக் கணக்கு படித்த பிறகு எழுந்த எண்ணம். பேசிய கூலியை மணிகளால் வகுத்து எங்களிடம் காட்டினாள். வந்த விடை தில்லியில் எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடுபவர் ஒரு மணியில் ஈட்டுவதைவிடக் குறைவு.

அவள் யோசனை எளியது. துணி பிறருடையதாக இருக்கும்வரை நமக்குக் கூலிதான். துணி நம்முடையதானால் விலை நம்முடையது. பிரதமர் முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடில்லாமல் கடன் கிடைக்கும். அதைக் கொண்டு வெறும் பஷ்மினா வாங்கி நாமே வேலை செய்து நாமே விற்போம் என்கிறாள். பாட்டியார் நூற்பவர், கையால் நூற்ற நூலின் அருமை வீட்டிலேயே இருக்கிறது.

தந்தையார் ஊசியை நிறுத்தவில்லை. இரண்டு தையல் போட்டார். பிறகு சொன்னார்: "மகளே, தவணை மாதந்தோறும் வரும். சால்வை இரண்டு குளிருக்கு ஒருமுறைதான் வரும்."

நாங்கள் வாயடைத்துப் போனோம். கடன் திட்டங்களைப் பற்றி நாமெல்லாம் எவ்வளவோ பேசுகிறோம்; காலத்தின் பொருத்தம் பற்றி இவ்வளவு சுருக்கமாக எவரும் எங்களிடம் சொன்னதில்லை. உழவருக்கு அறுவடையை ஒட்டித் திருப்பிச் செலுத்தும் காலம் வகுக்கிறார்கள். ஈராண்டு பயிருக்கு என்ன வகுப்பது?

மகளிடம் விடை இருந்தது. எல்லாம் பெரிய சால்வையாக இருக்க வேண்டியதில்லை; ஓரத்தில் ஒரே ஒரு கொடி ஓடும் சிறிய ஸ்டோல் சில வாரங்களில் முடியும்; அம்மாவும் நானும் அதைச் செய்தால் தவணை கட்டலாம்; பெரியது பாபாவின் முழங்காலில் தன் போக்கில் வளரட்டும். சித்தப்பா தில்லியில் விற்பார். தாயார் தலையசைத்தார். தந்தையார் தலையசைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "ஸ்டோலை எந்திரம் ஒரு நாளில் நூறு செய்கிறதே" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. வாங்குவோராகிய நாம் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். பஷ்மினா என்ற சொல்லை இன்று எந்தத் துணியின்மீதும் ஒட்டி விற்கிறார்கள். மெய்யான பஷ்மினா லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் வளரும் ஆட்டின் அடிமயிர். ஓர் இழையின் பருமன் 12 முதல் 16 மைக்ரான், அதாவது நம் தலைமயிரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய இழை எந்திரத்தின் இழுப்பைத் தாங்காது என்பதால், நைலான் கலந்து நூற்று, பின்னர் அமிலத்தால் நைலானைக் கரைத்துவிடும் முறையும் நடக்கிறது. அதில் இழையின் வலிமையும் கரைந்துபோகிறது. காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் நூற்று, கையால் நெய்து, 16 மைக்ரானுக்கு மிகாத இழையாக இருந்தால் மட்டுமே ஸ்ரீநகரின் சோதனை மையத்தில் முத்திரைச் சீட்டு ஒட்டித் தருவார்கள். விலை மிகுந்த சால்வை வாங்குவோர் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குவது நலம். மேடைதோறும் நாம் போர்த்தும் பொன்னாடைகளில் ஒன்றையேனும் இவ்வாறு கேட்டு வாங்கினால் எத்தனையோ ஸ்டோல்கள் விற்கும் என்று மனைவியார் சொன்னார். போர்த்திக்கொள்பவர் வீட்டிலும் அதை மறுநாள் வேறொருவருக்குப் போர்த்த மாட்டார்கள்.

மூன்று மணிக்கு மின்சாரம் நின்றது. அறையில் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பனிநாளின் வெளிச்சம் நிழலில்லாத வெளிச்சம். ஊசிக்கு அது உகந்தது என்றார் வீட்டுக்காரர். பனி விட்டு வெயில் எழும் நாளில்தான் கண் கூசிக் கெடும். அவருடைய கண்ணாடியின் தடிமனைப் பார்த்தால், கெட்டது நெடுநாளாயிற்று என்று தெரிந்தது. நான்கு மணிக்குமேல் ஊசிக் காதில் நூல் கோக்க அவரால் முடியவில்லை. கையை நீட்டினார், மகள் ஏதும் பேசாமல் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். ஐந்தாறு ஊசிகளை முன்கூட்டியே கோத்து ஒரு சிறு துணித் திண்டில் குத்தி வைத்துவிட்டுத் தன் புத்தகத்துக்குத் திரும்பினாள். நாள்தோறும் நடக்கும் வழக்கம் என்று தோன்றிற்று.

மூலையில் பாட்டியாரின் இராட்டை, 'யெண்டர்', மெல்லச் சுழன்றது. முன்னாள்களில் நூல் கூலி முடிச்சுக் கணக்கில் வருமாம். தம் திருமணத்துக்குச் செம்புப் பாத்திரங்கள் வந்தது தம் தாயார் நூற்ற காசில் என்றார். இன்று தெருவில் நூற்பவர் தம்மையும் இன்னும் சிலரையும் தவிர இல்லை என்றும் சொன்னார். புகார் சொல்லும் குரலாக இல்லை.

அந்திக்குச் சற்று முன்னர், வீட்டுக்காரர் காங்கிடியில் கை காய்ச்ச எழுந்தார். அந்த ஒரு நொடிக்காகவே காத்திருந்தாற்போல ஷீன் வந்து, வெள்ளைத் துணி போர்த்திய சால்வைச் சுருளின்மேல் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, சுருண்டு படுத்துவிட்டது. நாங்கள் பதறினோம். நகம் பட்டால் என்ன ஆவது? வீட்டுக்காரர் பதறவில்லை. பூனையை இழுத்தால்தான் நகம் நீளும், தானே எழும்வரை விடவேண்டும் என்று அமைதியாக உட்கார்ந்தார். ஷீன் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அன்றைய வேலை அவ்வளவே. அந்த ஒரு மணி நேரத்தில் தந்தையும் மகளும் தவணையைப் பற்றி மீண்டும் பேசினார்கள், காஷ்மீரியில். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இடையிடையே 'பேங்க்' என்ற சொல் மட்டும் கேட்டது. ஒருமுறை அதைச் சொன்னவர் தந்தையார்.

மறுநாள் காலை சந்தில் பனியை மண்வாரியால் ஒதுக்கிப் பாதை வெட்டியிருந்தார்கள். டார்னிங்குக்குக் கூலி கேட்டோம். தொகையைச் சொல்லத் தந்தையார் தயங்கினார். மகள் குறிப்பேட்டைப் புரட்டி, ஒன்றரை மணி நேரம் என்று சொல்லி, ஒரு மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் சொன்னாள். நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுதி. கைபேசியில் அவள் கணக்குக்கு அனுப்பினோம். பணம் வந்த ஒலி கேட்டுத் தந்தையார் நிமிர்ந்து பார்த்தார்.

புறப்படும் முன்னர் முந்தைய நாளின் வரியை அவள் எழுதியிருந்ததைக் காட்டினாள். தேதி, பெரிய சால்வை, ஊசி வேலை: மூன்று மணி. அதற்குக் கீழே, எங்களுக்குப் புரிய வேண்டுமென்று இந்தியில்: பூனையால் கழிவு, ஒரு மணி.